அந்தோனின் ரேமண்ட்: காற்றுக்கு வழிவிட்ட கட்டடக் கலைஞர்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முற்றம் என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வாசலிலிருந்து நேர்கோட்டில் உள்ளே நீண்டு செல்லும் வீடு அது. ஐப்பசி மழையில் நாற்புறத் தாழ்வாரங்களிலிருந்தும் நீர் சரம் சரமாக இறங்கும். அண்டாவையும் குடத்தையும் கொண்டுபோய் அடியில் வைப்பார்கள். வானம் வீட்டுக்குள் வந்து போகும் இடம் முற்றம்.

ஏறக்குறைய இதே வீட்டை, பெயர்கள் மட்டும் மாறி, ஜப்பானின் கியோத்தோ நகரத்து வணிகர் தெருக்களிலும் காணலாம். அங்கும் தெருமுகம் குறுகியது, உள்நீளம் பெரியது. நடுவில் ட்சுபோ நிவா எனப்படும் சிறு முற்றத் தோட்டம் இருக்கும். தோட்டத்தை ஒட்டி எங்காவா என்னும் மரத் தாழ்வாரம் ஓடும். தரையில் தாதாமிப் பாய். சுவருக்குப் பதிலாக மெல்லிய தாள் ஒட்டிய ஷோஜி என்னும் நகரும் கதவு. உட்கார நாற்காலி வேண்டாம், உறங்கக் கட்டில் வேண்டாம் என்ற அளவில் இரண்டு வாழ்க்கையும் ஒன்றே. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று கண்டு வளர்ந்தவை அல்ல. ஆயினும் தமிழ் நிலத்தில் ஓரிடத்தில், புதுச்சேரியில், அவை சந்தித்துக்கொண்டன. சந்திக்க வைத்தவர் தமிழரும் அல்லர், ஜப்பானியரும் அல்லர். பொஹீமியா நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அந்தோனின் ரேமண்ட் என்பவரே அவர்.

1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், அன்று ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் பகுதியாக இருந்த கிளாத்னோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட குடும்பப் பெயர் ரைமான். பத்து வயதிலேயே தாயை இழந்தார். பிராகு நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்று, படிப்பை முடித்த கையோடு 1910இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அங்கே காஸ் கில்பர்ட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் சேர்ந்து, அக்காலத்தில் உலகிலேயே உயர்ந்ததாக எழும்பிக்கொண்டிருந்த உல்வொர்த் கட்டடத்தின் வேலையில் பங்குகொண்டார். வானைத் தொட முயன்ற கட்டடத்தில் தொழில் கற்றவர், பிற்காலத்தில் தரையோடு தாழ்ந்து கிடக்கும் வீடுகளால் பெயர் பெற்றது ஒரு வேடிக்கை.

ஓவியனாக வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. அதற்காக 1914இல் இத்தாலிக்குச் சென்றார். முதல் உலகப்போர் வந்து அந்தக் கனவைக் கலைத்தது. திரும்பிவரும் கப்பலில் நோயெமி பெர்னெசென் என்ற பிரெஞ்சுப் பெண்ணைக் கண்டார்; அவ்வாண்டு முடிவதற்குள் இருவரும் மணம் செய்துகொண்டனர். நோயெமி ஓவியமும் துணி வடிவமைப்பும் அறிந்தவர். ரேமண்டின் வீடுகளில் இருக்கைகள், திரைகள், விரிப்புகள் எனக் கைபடும் பொருள்களில் பாதிக்கு மேல் அவருடைய கண் இருந்தது. கணவர் பெயரை மட்டும் ஏட்டில் எழுதும் வழக்கம் இக்கலையிலும் உண்டு என்பதால் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

1916இல் ரேமண்ட் அமெரிக்கக் குடிமகனானார். அதே ஆண்டில் ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் மேதையிடம் பணிக்குச் சேர்ந்தார். அந்த 1916 விந்தையான ஆண்டு. அவ்வாண்டில்தான் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து சுதேசமித்திரனில் கட்டுரை எழுதினார். அவ்வாண்டில்தான், பிற்காலத்தில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என்று அழைக்கப்பட்ட மீரா அம்மையார் ஜப்பானுக்குச் சென்று, நான்கு ஆண்டுகள் தங்கினார். ஒருவரையொருவர் அறியாத மூவர் மூன்று திசைகளிலிருந்து ஜப்பானை நோக்கித் திரும்பியிருந்தனர். பாரதியார் கண்டது மூன்றடிப் பாட்டில் இருந்த சிக்கனம். அச்சிக்கனத்தையே ரேமண்ட் மரத்திலும் கான்கிரீட்டிலும் காணப் போகிறார்.

தோக்கியோவில் இம்பீரியல் ஓட்டலைக் கட்டும் பொறுப்பு ரைட்டுக்குக் கிடைத்திருந்தது. அவருக்குத் துணையாக 1919 டிசம்பர் 31ஆம் நாள் ரேமண்ட் ஜப்பானில் இறங்கினார். ஓராண்டுக்குச் சற்று மேல் அவ்வேலையில் இருந்தார். ஜப்பானின் மண்ணுக்கும் மக்களுக்கும் ஒட்டாத அலங்காரத்தை ரைட் அங்கே ஏற்றுகிறார் என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்தது. குருவை விட்டுப் பிரிவது எளிதன்று. ஆனாலும் 1921இல் பிரிந்து தனித் தொழில் தொடங்கினார். ரைட்டின் சாயல் தம் கைக்கு ஒட்டிக்கொண்டு வருவதை உதறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தொடக்ககாலக் கவிஞர் எவருக்கும் நேர்வதுதான் இது.

1923இல் தோக்கியோவையும் யோக்கோகாமாவையும் பெருநிலநடுக்கம் அழித்தது. எரிந்த நகரத்தின் நடுவே, ரேயினான்சாக்கா என்ற இடத்தில் ரேமண்ட் தமக்கென ஒரு வீடு கட்டினார். பூச்சு இல்லாத கான்கிரீட்டைத் துணிந்து வெளியே காட்டிய உலகின் முதல் வீடுகளுள் அது ஒன்று. நிலநடுக்கத்துக்கு அஞ்சாத புதுப்பொருளால் கட்டப்பட்டாலும் அதன் உள்ளம் பழைய ஜப்பானுடையது. அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே சுவர் கரைந்து போயிருந்தது. கூரையிலிருந்து மழைநீர் இறங்கக் குழாய் வைக்கவில்லை. கோயில்களிலும் பழைய வீடுகளிலும் உள்ளவாறு சங்கிலிகளைத் தொங்கவிட்டார். மழைநாளில் சங்கிலி வழியே நீர் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. மழையை மறைத்துக் கீழே கொண்டுபோவதற்குப் பதில் அதை வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்ற அந்த எண்ணம், முற்றத்தில் அண்டா வைத்தவர்களுக்குப் புதியதல்ல.

ஜப்பானியத் தச்சர்களே அவருடைய உண்மையான ஆசிரியர்கள். எளிமை, நேர்மை, நேரடித்தன்மை, சிக்கனம், இயற்கையோடு இசைவு ஆகிய ஐந்தையும் அவர்களுடைய வேலையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுதும் தம் கொள்கையாகச் சொல்லிவந்தார். நவீனர்கள் ஐரோப்பாவில் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிய பலவும், அதாவது அளவு மாறாத பாகங்கள், சுமை தாங்காத சுவர், நகரும் தடுப்பு, திறந்த தளம் ஆகியவை ஜப்பானியக் குடியானவன் வீட்டில் நூற்றாண்டுகளாக இருந்தவை என்பதை அவர் கண்டார். ஏறத்தாழ ஆறடிக்கு மூன்றடி கொண்ட பாய்தான் அங்கே வீட்டின் அளவுகோல். எத்தனை பாய் என்று சொன்னால் அறையின் அளவு விளங்கிவிடும். தூணின் வரிசையிலேயே கதவு ஓடினால் ஒவ்வொரு தூணும் கதவை மறிக்கும். ஆகவே அவர் கதவுகளின் தடத்தைத் தூண்களுக்கு வெளியே தள்ளிவைத்தார். கதவுகள் முழு நீளமும் தடையின்றி ஓடின. அவற்றை ஒதுக்கிவிட்டால் வீட்டின் ஒரு பக்கம் முழுவதும் தோட்டமாகிவிடும். இது சிறிய மாற்றம். ஆயினும் பழைய மரபைப் படியெடுக்காமல் மேலே கொண்டுபோன மாற்றம்.

1933இல் கருயிசாவா மலையூரில் அவர் கட்டிய கோடைவீடு ஒரு வழக்கையே கிளப்பியது. பிரான்சில் இருந்த லெ கொர்புசியே, தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கென 1930இல் வரைந்து, கட்டப்படாமல் போன ஒரு வீட்டின் அமைப்பை ரேமண்ட் அப்படியே எடுத்துக்கொண்டார். உள்நோக்கிச் சரியும் கூரையும் ஏறிச்செல்லும் சாய்தளமும் அவருடையவை. கல்லுக்குப் பதிலாக மரமும், ஓட்டுக்குப் பதிலாக மரச்சுள்ளி வேய்ந்த கூரையும் மட்டுமே ரேமண்டுடையவை. லெ கொர்புசியே வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். பின்பு இருவரும் சமாதானமாயினர். இதில் ரேமண்ட் பக்கம் குற்றமில்லை என்று சொல்ல முடியாது. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிறர் சந்தத்தில் தம் சொற்களை இட்டுப் பாடுவது எவ்வளவு தூரம் தம் பாட்டாகும் என்பது கவியரங்குகளிலும் தீராத வழக்குத்தான். அந்த வீடு பின்னர் இடம் பெயர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளது.

இந்த நிலையில்தான் 1935 அளவில் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரமத்தில் பவித்திரா என்ற பெயரோடு வாழ்ந்த பிலிப் பார்பியே சேன்டிலேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1920 முதல் 1924 வரை ஜப்பானில் இருந்தவர். ரேமண்டைத் தோக்கியோவில் அறிந்தவர். அன்னைக்கும் ஜப்பானிய வீட்டின் தூய்மை நினைவில் இருந்தது. சாதகர்கள் தங்குவதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்பது கோரிக்கை. ஐதராபாத் அரசின் சர் அக்பர் ஹைதரி வாயிலாக நிஜாமிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அந்த நன்றிக்கு அடையாளமாகக் கட்டடத்துக்குக் கோல்கொண்டா என்று பெயரிட்டனர்.

மனையைக் கண்டதும் ரேமண்ட் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே. கத்திரி வெயிலில் வெந்து, மழைக்காலத்தில் நனைந்து, ஆண்டு முழுதும் கடற்காற்றை நம்பி வாழும் ஊரில் சுவர் எதற்கு? ஜப்பானிய வீட்டின் வழியே அவர் விடை கண்டார். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளவிட்டு, அகன்ற முகங்களைத் தெற்கும் வடக்கும் நோக்க வைத்தார். தெற்கே அறைகள், வடக்கே நீண்ட நடைவழி. இருபுறமும் தோட்டம். அந்த இரண்டு நெடிய முகங்களிலும் சுவரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கையால் திருப்பக்கூடிய கிடைப்பலகைகளே தரைமுதல் கூரைவரை அடுக்கப்பட்டன. வெயிலுக்கும் மழைக்கும் மூடலாம், காற்றுக்குத் திறக்கலாம். பலகைகள் கல்நார் கலந்த சிமெண்டால் ஆனவை. கல்நாரின் தீங்கை உலகம் பின்னரே முழுமையாக உணர்ந்தது. அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்குச் சட்டங்கள் முன்னும் பின்னுமாகக் கோத்த நகரும் கதவுகள். பார்வை புகாது, காற்று புகும். தெற்கிலிருந்து வரும் காற்று அறையைக் கடந்து, கதவைக் கடந்து, நடைவழியைக் கடந்து வடக்குத் தோட்டத்தை அடையும். மேலே தட்டைத் தளத்தின்மீது வளைந்த ஓட்டு வடிவக் கான்கிரீட் வார்ப்புகளை அடுக்கி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டார். வெயில் மேற்கூரையைச் சுடும், அறையைச் சுடாது.

பலமாடிக் கட்டடத்தில் முற்றத்தைக் குழியாக வெட்ட முடியாது. முற்றம் செய்கின்ற தொழிலை, அதாவது வானையும் காற்றையும் செடியையும் வீட்டுக்குள் அழைக்கும் தொழிலை, வீட்டின் தோலுக்கே கற்பித்துவிட்டார் ரேமண்ட். கோல்கொண்டாவின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது.

பணி 1937இல் தொடங்கியது. ரேமண்ட் 1938இல் நோயெமியோடும் மகனோடும் வந்து பல மாதங்கள் ஆசிரமத்திலேயே தங்கினார். அவருக்கு முன்னரே வந்து பணியைத் தாங்கி நின்றவர், அவர் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நாகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வழியினரான அவர், வந்த வேலையை விடவும் இடத்தின்பால் ஈர்க்கப்பட்டு, ஊதியத்தைத் துறந்து சாதகரானார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். செக் நாட்டவரான பிரான்டிசெக் சாமர் மூன்றாமவர். சாதகர்களும் கூலித் தொழிலாளரும் சேர்ந்து உழைத்தனர். முதலில் ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுகளின் பொருத்துகளை வார்த்தார்கள். உட்சுவருக்குக் கடற்சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. தரைக்குக் கடப்பைக் கல். கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சைச் செட்டிநாட்டு வீடுகளில் காட்டிய தமிழகக் கொத்தனாருக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. புதுப் பொருளான கான்கிரீட்டும் பழைய பொருளான சுண்ணாம்பும் ஒரே சுவரின் இருபுறங்களில் நின்றன. முதன்மையான பணிகள் 1942 அளவில் முடிந்தன. சண்டிகார் நகரத்துக்கு லெ கொர்புசியே வருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே, இந்தியாவின் முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்று தமிழ் பேசும் மண்ணில் எழுந்துவிட்டது.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 1920களில் உருவாகத் தொடங்கிய தியாகராயநகரில், மனையின் நடுவே வீட்டை நிறுத்தி நாற்புறமும் மதில் எழுப்பும் பங்களா முறை பரவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இருந்த வெளி வீட்டுக்கு வெளியே போயிற்று. பின்னர் அந்த வெளியும் அடுக்குமாடிகளுக்கு இரையாயிற்று. சென்னை முற்றத்தைக் கைவிட்ட ஆண்டுகளில், நூறு மைலுக்குத் தெற்கே ஒரு பொஹீமியர் அதை வேறொரு வடிவில் மீட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடியும்வரை ரேமண்ட் இருக்கவில்லை. ஜப்பான் சீனத்தோடு போரில் இறங்கிவிட்டது; திரும்பிச் செல்ல வழியில்லை. அமெரிக்காவுக்குச் சென்று பென்சில்வேனியாவில் நியூஹோப் என்னும் ஊரருகே ஒரு பண்ணை வாங்கி அமர்ந்தார். அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

1943இல் அமெரிக்கப் படைத்துறைக்கு ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் சரியான மாதிரி தேவைப்பட்டது. தீக்குண்டுகள் அத்தகைய வீடுகளை எப்படி எரிக்கின்றன என்று சோதிப்பதற்காக. யூட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனம் இடம். ஜப்பானிய வீட்டை அறிந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் என்றால் ரேமண்டின் பெயர்தான் முதலில் வரும். அவர் ஒப்புக்கொண்டார். எந்த மரம், எந்த அளவு, கூரையின் கனம் எவ்வளவு, தாதாமிப் பாய் எங்கே விரிக்கப்படும் என்று, இருபது ஆண்டுகளாகத் தச்சர்களின் காலடியில் கற்ற அத்தனையையும் அந்த வரைபடங்களில் இட்டார். பாகங்கள் நியூஜெர்சியில் செய்யப்பட்டுப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டன. கட்டுவார்கள், எரிப்பார்கள், மீண்டும் கட்டுவார்கள். 1945 மார்ச் 9, 10ஆம் நாள்களின் இரவில் தோக்கியோ எரிந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். அந்த வீடுகள் எப்படி எரியும் என்பது முன்னரே அளந்து பார்க்கப்பட்டிருந்தது.

ரேமண்ட் இதை மறைக்கவில்லை. 1973இல் வெளிவந்த தன்வரலாற்றில், தமக்கும் மனைவிக்கும் அது எளிய பணியாக இருக்கவில்லை என்றும், போர் விரைந்து முடிவதே இரு நாட்டுக்கும் நன்று என்று நம்பியதாகவும் பதிவு செய்திருக்கிறார். அந்த நம்பிக்கையை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. வீட்டின் ஒவ்வொரு மூட்டையும் அன்போடு கற்ற அறிவே அவ்வீட்டை எரிப்பதற்கும் தேவைப்பட்ட அறிவாயிற்று. கோல்கொண்டாவைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் செல்வது முறையன்று.

அதே 1943இல் அவர் செய்த மற்றொரு செயலும் உண்டு. ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்துக்காக நாகாஷிமா, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். ரேமண்ட் பொறுப்பேற்று அவர்களை விடுவித்துத் தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். புதுச்சேரியின் சுந்தரானந்தர் நியூஹோப்பில் கோழிப்பண்ணை வேலை பார்த்தார். முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கற்ற கலையை வளர்த்து, பின்னர் அவ்வூரிலேயே உலகப் புகழ் பெற்ற மரச்சாமான் கலைஞரானார். ஒருபுறம் எரிவதற்கென ஜப்பானிய வீடு. மறுபுறம் ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு அடைக்கலம். இரண்டையும் ஒரே ஆண்டில் ஒரே மனிதர் செய்தார். எதைக்கொண்டு எதைக் கழிப்பது என்று கணக்குப் பார்ப்பது எளிதாக இல்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளில் ரேமண்ட் தோக்கியோவுக்குத் திரும்பினார். சாம்பலான நகரத்தில் அவர் எழுப்பிய ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டடம் 1951இல் பெரும் பாராட்டுப் பெற்றது. 1960களில் இடிக்கப்பட்டும் விட்டது. அதைவிட முக்கியமானது, அதே காலத்தில் அசாபு பகுதியில் அவர் தமக்கெனக் கட்டிய எளிய மரவீடு. பொருள் பஞ்சம் நிலவிய காலம். பட்டை உரித்த மரங்களைத் தூணாக நட்டு, இரண்டாகப் பிளந்த மரங்களைக் கத்தரிக்கோல் போல் பிணைத்துக் கூரையைத் தாங்கவைத்தார். கூடம் ஒருபுறம், படுக்கையறை மறுபுறம், நடுவே திறந்த முற்றம். ரேமண்டும் நோயெமியும் உணவு உண்டது அந்த முற்றத்தில்தான். வீட்டின் நடுவிடம் அறை அன்று, வெளி என்று வாழ்ந்து காட்டிய வீடு அது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா, தமிழரான பொறியாளர் பூலோகசுந்தரத்தின் துணையோடு வளர்த்தெடுத்த முற்றவீடுகளின் காலம் இதற்குச் சில ஆண்டுகள் பின்னர்தான் வருகிறது.

அசாபு வீட்டைக் கண்டு மனம் பறிகொடுத்த தக்கசாக்கி நகரத்து வணிகர் இனோவே புசயிச்சிரோ, அதைப்போலவே ஒன்று கட்டிக்கொள்ள இசைவு கேட்டார். ரேமண்ட் வரைபடங்களைத் தந்ததோடு, தச்சர்கள் தம் வீட்டை அளந்துகொள்ளவும் விட்டார். ஒருகாலத்தில் பிறர் வரைபடத்தை எடுத்துக்கொண்டதற்குக் குறைகேட்டவர், தம்முடையதைக் கேட்டவுடன் கொடுத்தார். 1952இல் எழுந்த அந்த இரண்டாம் வீடு நின்றது; தக்கசாக்கி கலைக்கூடத்தின் வளாகத்தில் இன்று பார்வையாளர் நடந்து போகலாம். அந்நகரிலேயே 1961இல் அவர் கட்டிய குன்மா இசையரங்கமும், நகோயாவின் நன்சான் பல்கலைக்கழகமும் அவருடைய முதுமைக்காலப் பெரும்பணிகள். மாயகாவா குனியோ, யோஷிமுரா ஜுன்சோ முதலிய ஜப்பானின் முன்னணிக் கலைஞர்கள் அவரிடம் பணிபுரிந்து வளர்ந்தவர்கள்.

1973இல் ரேமண்ட் ஜப்பானை விட்டு நியூஹோப் பண்ணைக்குத் திரும்பினார். 1976 அக்டோபர் 25ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் பென்சில்வேனியாவில் காலமானார். நோயெமி 1980இல் மறைந்தார். நாகாஷிமா 1990வரை வாழ்ந்தார்.

புதுச்சேரியில் கோல்கொண்டா இன்றும் சாதகர்களின் இல்லமாகவே இருக்கிறது. குளிரூட்டும் பொறிக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை. வெயில் சாயும் வேளையில் அறையில் இருப்பவர் எழுந்து சென்று, கைப்பிடியைத் திருப்பிப் பலகைகளைத் திறக்கிறார். கடற்காற்று உள்ளே வருகிறது.